யாருக்குப் போகிறது கமிஷன்? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இணையக் கடைகளும் அஃபிலியேட் விற்பனையும்

2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒரு கூந்தல் எண்ணெய்க்குத் திடீர்த் தட்டுப்பாடு வந்தது. மியெல் ஆர்கானிக்ஸ் நிறுவனத்தின் ரோஸ்மேரி புதினா எண்ணெய் அது. புட்டி சுமார் 10 டாலர். செவிலியராக இருந்த மோனிக் ரோட்ரிகஸ் என்ற கறுப்பினப் பெண் 2014இல் தொடங்கிய நிறுவனம். எளிதில் வறண்டு முறியும் சுருள் கூந்தலை மனத்தில் வைத்துச் செய்த பொருட்களால் பெயர் பெற்றது. அதுவரை அதை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அந்த வாரம் அலிக்ஸ் ஏர்ல் என்ற வெள்ளையின டிக்டாக் பிரபலம், அவ்வாண்டு அமேசானில் வாங்கியவற்றில் தனக்குப் பிடித்தவை எவை என்று ஒரு வீடியோ போட்டார். பட்டியலில் இந்த எண்ணெயும் இருந்தது. அவ்வளவுதான், அலமாரிகள் காலியாயின.

விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். பழைய வாடிக்கையாளர்கள் பதறினார்கள். விலை ஏறிவிடும், தங்களுக்குக் கிடைக்காமல் போகும், புதிதாக வந்த நேர்க்கூந்தல்காரர்களுக்காகக் கலவையையே மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம். ஷியா மாய்ஸ்சர் நிறுவனம் 2017இல் தன் விளம்பரத்தில் வெள்ளையினப் பெண்களை முன்னிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டது அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. 2023 ஜனவரியில் மியெல் நிறுவனத்தைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்குகிறது என்ற அறிவிப்பும் வந்தது. அந்த வீடியோவுக்கும் இந்த பேரத்துக்கும் முடிச்சுப் போடுவது தவறு. இத்தகைய பேரங்கள் மாதக்கணக்கில் நடப்பவை. ஆனாலும் கலவை மாறாது என்று நிறுவனர் வெளிப்படையாக உறுதி சொல்லவேண்டியிருந்தது.

பரிந்துரைப்பவர் யார் என்பதைப் பொறுத்து விற்பனையோடு சிக்கலும் வரும் என்பதை இந்தக் கதை காட்டுகிறது. கறுப்பினத்தவர் நடத்தும் இணையக் கடைகளுக்கு, விற்றுத்தருபவருக்குக் கமிஷன் கொடுக்கும் அஃபிலியேட் முறையை நல்லதொரு வழியாகப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பரிந்துரை சரியே. ஆனால் கமிஷன் கொடுக்கலாமா, எத்தனை விழுக்காடு கொடுக்கலாம் என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் லாப நட்டம் மொத்தமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்பாடு எளிமையானது. உங்கள் பொருளைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் அல்லது பேசுகிறார். கூடவே தனக்கென்று தரப்பட்ட லிங்க்கையோ தள்ளுபடிக் குறியீட்டையோ கொடுக்கிறார். அதன் வழியே வந்தவர் வாங்கினால் விலையில் ஒரு பங்கு பேசியவருக்கு. வாங்காவிட்டால் ஒன்றுமில்லை. தமிழ் யூடியூப் வீடியோக்களின் கீழே மிக்ஸிக்கும் மைக்குக்கும் வரிசையாகக் கிடக்கும் அமேசான் லிங்க்குகளும் இதே வகைதான். 1989இல் வில்லியம் டோபின் என்பவர் பிராடிஜி வலையமைப்பில் தொடங்கிய பூக்கடையிலிருந்து இதன் கதையை ஆரம்பிப்பது வழக்கம். 1994இல் சிடிநௌ என்ற இசைத்தட்டுக் கடை இதைச் செய்தது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் திறந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. லிங்க்ஷேர், கமிஷன் ஜங்ஷன், ஷேர்ஏசேல் ஆகிய இடைத்தரகு வலையமைப்புகள் 1996க்கும் 2000க்கும் இடையில் முளைத்தவை. கடைக்காரர்களையும் பரிந்துரைப்போரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்ப்பது இவற்றின் வேலை. இன்று ஷாப்பிஃபை கடை வைத்திருப்பவர் இந்த வலையமைப்புகள் இல்லாமலேயே ஒரு சின்னச் செயலியைச் சேர்த்துத் தன் திட்டத்தைத் தானே நடத்திக்கொள்ளலாம்.

இது கறுப்பினத்தவரின் கடைகளுக்கு ஏன் குறிப்பாகப் பொருந்துகிறது என்று கேட்டால் விடை முதலீட்டில் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 விழுக்காடு. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கும் தொழில்களில் அவர்கள் கையில் பெரும்பங்கு உள்ளவை 2022 கணக்குப்படி சுமார் 1,95,000. மொத்தத்தில் இது 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். கடன் கேட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம். 2020இல் மத்திய ரிசர்வ் வங்கிகள் சிறுதொழில்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கேட்ட தொகை முழுவதும் கிடைத்தது என்று சொன்ன வெள்ளையின உரிமையாளர்கள் 40 விழுக்காடு. கறுப்பின உரிமையாளர்கள் 13 விழுக்காடு. வீட்டை அடகு வைக்கலாமென்றால், தலைமுறைகளாக வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட குடும்பங்களில் அடகு வைக்க வீடும் குறைவு. ஃபேஸ்புக்கிலோ கூகுளிலோ விளம்பரம் செய்பவர் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வாடிக்கையாளருக்குக் காத்திருக்க வேண்டும். அஃபிலியேட் முறையில் வாடிக்கையாளரின் காசு கைக்கு வந்த பிறகே கமிஷன் போகிறது. கைமுதல் இல்லாதவருக்கு இந்த வரிசைமாற்றமே பெரிய உதவி.

இது அவர்களுக்குப் புதிதும் அல்ல. இணையம் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே கறுப்பினப் பெண்கள் இதைப் பிரமாதமாகச் செய்துகாட்டியிருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் போரோ என்ற பெயரில் கூந்தல் பொருட்களை விற்ற ஆனி டர்ன்போ மலோன், ஊர் ஊராக முகவர்களை வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் சேரா பிரீட்லவ், லூசியானாவின் டெல்டாவில் 1867இல் பிறந்த சலவைத் தொழிலாளி. பிற்பாடு தன் சொந்தச் சரக்கைச் செய்து மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 1910இல் இண்டியானாபொலிஸில் தலைமையகம் அமைத்தார். அவர் இறந்த 1919க்குள் அவரிடம் ஆயிரக்கணக்கான பெண்கள் முகவர்களாக இருந்தார்கள். வெள்ளையர் வீட்டில் துணி துவைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர் பார்த்த பெண், பை நிறையச் சாமானோடு சொந்தச் சபைக்காரர்கள் வீடுகளுக்குப் போனால் அதைப் பலமடங்கு ஈட்ட முடிந்தது.

வாக்கர் அந்தப் பெண்களை எப்படி நடத்தினார் என்பதை இன்றைய கடைக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். சரக்கைக் கையில் திணித்து அனுப்பிவிடவில்லை. பிட்ஸ்பர்கில் தன் மகள் லீலியாவின் பெயரில் பள்ளி நடத்தி, உச்சந்தலையை எப்படிக் கழுவுவது, எப்படிச் சீவுவது என்று கற்றுத்தந்தார். சீருடைபோல் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும். 1917இல் ஃபிலடெல்ஃபியாவில் முகவர்களின் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமல்லாமல், ஊரிலுள்ள நற்பணிகளுக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் அங்கே பரிசு. கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று அந்த மாநாட்டிலிருந்து குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி போயிற்று. இப்படியொரு விற்பனைக் கூட்டம் தந்தி அடித்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை. முகவர் என்றால் யார் என்பதில் வாக்கருக்குத் தெளிவு இருந்தது: வாங்குபவளின் தெருவில் வாழ்பவள், அவள் கூந்தலைத் தொட்டுப் பார்த்தவள், சரக்கு சொதப்பினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் முகத்தில் விழிக்க வேண்டியவள்.

அடுத்த தலைமுறையில் எஸ். பி. ஃபுல்லர். 1935இல் சிகாகோவில் 25 டாலருக்குச் சோப்பு வாங்கி வீடுவீடாக விற்கத் தொடங்கியவர். பிறகு பெரிய விற்பனைப் படையையே கட்டினார். அவரிடம் வேலை பழகிய ஜார்ஜ் ஜான்சன் 1954இல் ஜான்சன் பிராடக்ட்ஸைத் தொடங்கி, 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் கறுப்பின நிறுவனமாக அதை உயர்த்தினார். ஃபுல்லரின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1947இல் அவர் வெள்ளையரின் அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றைச் சத்தமில்லாமல் வாங்கினார். தெற்கு மாநிலங்களில் சரக்கு நன்றாகவே ஓடியது. உரிமையாளர் கறுப்பர் என்பது 1960களில் வெளியே தெரிந்ததும் அங்குள்ள வெள்ளை ஆதிக்க அமைப்புகள் புறக்கணிப்பில் இறங்கின, வியாபாரம் படுத்தது. ‘கறுப்பினத்தவரின் கடை’ என்ற அடையாளம் சிலரை இழுக்கும், சிலரைத் துரத்தும். 2020இல்கூட பெண்களுக்கான சுகாதாரப் பொருள் விற்கும் ஹனி பாட்டின் நிறுவனர் பியாட்ரிஸ் டிக்சன், டார்கெட் கடைச்சங்கிலியின் விளம்பரமொன்றில், தன் வெற்றி அடுத்து வரும் கறுப்பினச் சிறுமிக்கு வழி திறக்கட்டும் என்று பேசியதற்காக அவருடைய பொருட்களுக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் குவித்தார்கள். அதைக் கண்டு கொதித்தவர்கள் போய் வாங்கியதில் விற்பனை ஏறியது என்பது வேறு கதை.

இனி கணக்குக்கு வருவோம். 40 டாலர் விலையுள்ள ஒரு கூந்தல் எண்ணெயைக் கற்பனை செய்துகொள்வோம். செய்ய 10 டாலர், பெட்டிக்கும் தபாலுக்கும் 7 டாலர். அட்டை வழியாகப் பணம் பெறுவதற்கான கட்டணம் 2.9 விழுக்காடும் 30 சென்ட்டும். வாடிக்கையாளர் தானாக வந்து வாங்கினால் கையில் நிற்பது 21 டாலர் 54 சென்ட். இப்போது அஃபிலியேட் வழியாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி, விலை 36 டாலராகிறது. பரிந்துரைத்தவருக்கு 15 விழுக்காடு, அதாவது 5 டாலர் 40 சென்ட். இடையில் வலையமைப்பு இருந்தால் அதற்கும் கூலி உண்டு. ஷேர்ஏசேல் நெடுங்காலம் கமிஷன் தொகைமேல் 20 விழுக்காடு வாங்கியது, அந்தக் கணக்கில் 1 டாலர் 8 சென்ட். எல்லாம் போக நிற்பது 11 டாலர் 18 சென்ட். கிட்டத்தட்ட பாதி.

அந்த வாடிக்கையாளர் பரிந்துரை இல்லாவிட்டால் உங்கள் கடையைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார் என்றால் இந்தப் பாதி நல்ல லாபம். அவர் மறுபடி வந்தால், ஒரு தோழியையும் கூட்டிவந்தால், இன்னும் நல்லது. அவர் ஏற்கெனவே வாங்க முடிவுசெய்து, கூடையில் போட்டு, முகவரியும் தட்டிவிட்டவர் என்றால் மீதிப் பாதி வெறும் தண்டம்.

இந்தத் தண்டம் கட்டும் நிலை தற்செயலாக வருவதில்லை. தொழில்நுட்பத்தின் அமைப்பே அப்படி. பெரும்பாலான திட்டங்களில் கடைசியாக யார் லிங்க்கைத் தட்டினார்களோ அவருக்கே முழுக் கமிஷன். ஒரு கறுப்பினப் பெண் தன் யூடியூப் சேனலில் இருபது நிமிடம் உட்கார்ந்து, தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவி, மறுவாரம் கூந்தல் எப்படி இருக்கிறது என்றும் காட்டியிருப்பார். பார்த்தவர் மூன்று நாள் யோசித்து வாங்க வருகிறார். பணம் கட்டும் இடத்தில் ‘கூப்பன் குறியீடு’ என்ற காலிக் கட்டத்தைப் பார்த்ததும் கூகுளில் தேடுகிறார். ஏதோ கூப்பன் தளத்தில் ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்புகிறார். கமிஷன் அந்தத் தளத்துக்குப் போகிறது. தானாகவே கடைக்குள் வந்துவிட்டவரைக் கல்லாப்பெட்டி அருகே மறித்து, நான்தான் கூட்டிவந்தேன் என்று காசு கேட்பதைப் போன்றது இது.

உலாவியில் ஒட்டிக்கொள்ளும் கூப்பன் நீட்சிகள் இதைத் தானியங்கியாகவே செய்யக்கூடியவை. பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி நீட்சி, யூடியூபர்களின் கமிஷனைக் கடைசி நொடியில் தன்பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூபர் விரிவான குற்றச்சாட்டு வைத்தார், வழக்குகள் தொடர்ந்தன. 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் விதிகளைத் திருத்தி, பயனருக்கு நேரடிப் பலன் ஏதும் தராமல் நீட்சிகள் அஃபிலியேட் லிங்க்கைச் செருகக் கூடாது என்றது. அப்பட்டமான மோசடியும் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. ஈபே நிறுவனத்தின் முதல் இரண்டு பெரிய அஃபிலியேட்டுகள், யாரும் எதையும் தட்டாமலேயே வாடிக்கையாளரை அனுப்பியவர் யார் என்று குறிக்கும் குக்கி என்ற சிறு கோப்பைப் பார்வையாளர்களின் கணினியில் தங்கள் பெயரில் பதியவைத்துக் கோடிக்கணக்கான டாலர் கமிஷன் பெற்றதற்காக 2014இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஈபே அளவுள்ள நிறுவனத்துக்கே கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின. ஒரே ஆள் சமையலறை மேசையிலிருந்து நடத்தும் கடை என்ன செய்யும்?

செய்யக்கூடியது ஒன்று உண்டு: கதவை எல்லோருக்கும் திறந்துவைக்காமல் இருப்பது. வலையமைப்பில் சேர்ந்த அன்றே நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவியும். அவற்றில் பெரும்பகுதி கூப்பன் தளங்களும் கேஷ்பேக் தளங்களுமே. தானாக ஏற்றுக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எங்கே எழுதுகிறார், என்ன எழுதியிருக்கிறார் என்று படித்த பிறகே சேர்க்க வேண்டும். பொதுக் குறியீடு கொடுக்காமல் ஆளுக்கொரு குறியீடு கொடுத்தால் யார் வழியாக எது கசிகிறது என்பது தெரியும். புதிய வாடிக்கையாளருக்கு 20 விழுக்காடு, பழையவர் திரும்பி வந்தால் 5 விழுக்காடு என்று பிரித்துவைக்கலாம். கூப்பன் தளங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ள மனமில்லாதவர்கள் அவற்றுக்கு 1 அல்லது 2 விழுக்காடு மட்டும் வைப்பதுண்டு; என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம்.

அப்படியானால் யாரைச் சேர்ப்பது? கூந்தல் எண்ணெய்க்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் சலூன் வைத்திருக்கும் பெண்கள். பின்னல் போட நாலைந்து மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காரும் வாடிக்கையாளரிடம் அவர்கள் பேசாத விஷயமில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஒரு கியூஆர் குறியீடு போதும். வாக்கரின் முகவர்களுக்கு மிக அருகில் வரும் இன்றைய வடிவம் இதுவே என்பேன். குழந்தைப் புத்தகம் விற்பவருக்கு, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கறுப்பினத் தாய்மார்களின் வட்டங்கள் இருக்கின்றன. ஹாவர்ட், ஸ்பெல்மன் போன்ற கறுப்பினத்தவருக்கெனத் தோன்றிய கல்லூரிகளின் பழைய மாணவர் குழுக்கள், பெண்கள் சங்கங்கள், தேவாலயங்கள் என்று இந்தச் சமூகத்தில் ஒருவர் சொல்லை மற்றவர் மதித்துக் கேட்கும் இடங்கள் நிறைய. இவற்றில் பலவும் தங்களை ‘அஃபிலியேட்’ என்று எண்ணிப் பார்த்திராதவை. எந்த வலையமைப்பிலும் இவற்றின் விண்ணப்பம் வந்து நிற்காது. நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் பேசுபவர்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் இருக்கிறது. கறுப்பினக் கடைக்காரர்களே இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். எம்எஸ்எல் நிறுவனமும் இன்ஃப்ளுயென்சர் லீகும் சேர்ந்து 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின இன்ஃப்ளுயென்சர்களுக்கும் கறுப்பின இன்ஃப்ளுயென்சர்களுக்கும் இடையே ஊதிய இடைவெளி 35 விழுக்காடு என்று தெரிந்தது. கறுப்பினத்தவரில் 77 விழுக்காட்டினர் 50,000க்குக் குறைவான பின்தொடர்வோரைக் கொண்ட கீழ்ப்படிகளிலேயே இருந்தார்கள். விற்ற அளவுக்குக் கூலி என்ற கமிஷன் முறை நிறம் பார்க்காதது, ஆகவே நியாயமானது என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், விற்கும்வரை கூலியில்லை என்பது ஆபத்து முழுவதையும் பேசுபவர் தலையில் வைக்கிறது. ஏற்கெனவே குறைவாக ஊதியம் வாங்குபவரிடம், நம்ம ஆள்தானே, முதலில் இலவசமாகப் பேசு, விற்றால் பார்க்கலாம் என்று கேட்பது நடக்கிறது. கைமுதல் இல்லாத கடைக்காரரின் சுமை கைமுதல் இல்லாத இன்னொருவருக்கு மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. வீடியோ ஒன்றுக்குச் சிறியதாயினும் ஒரு நிலையான தொகை, இலவசச் சரக்கு, அதன் மேல் கமிஷன் என்று கலந்து கொடுப்பவர்களிடமே நல்ல ஆட்கள் நிலைக்கிறார்கள். இருநூறு பேரை வெறும் கமிஷனுக்கு வைப்பதைவிடப் பத்துப் பேருக்கு இப்படிக் கொடுப்பது மேல்.

பெரிய ஊடகங்களின் பட்டியல்களை நம்பலாமா என்ற கேள்விக்கு 2020 நல்ல விடை தந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட பின் எங்கு பார்த்தாலும் ‘கறுப்பினத்தவரிடம் வாங்குங்கள்’ பட்டியல்கள். ஜூன் 19 அன்று பியான்சே தன் தளத்தில் ஸெரீனா ஏக்கர்ஸ் தொகுத்த கடைகளின் அடைவை வெளியிட்டார். வடிவமைப்பாளர் ஆரோரா ஜேம்ஸ், பெருங்கடைகள் தங்கள் அலமாரியில் 15 விழுக்காட்டைக் கறுப்பின நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டுமென்று இயக்கம் தொடங்கினார். அழகுப்பொருள் பெருங்கடையான செஃபோரா முதலில் கையெழுத்திட்டது. கூகுள் தன் வரைபடத்தில் கறுப்பின உரிமையாளர் என்ற அடையாளத்தைச் சேர்த்தது. பத்திரிகைகளின் ‘ஷாப்பிங்’ பிரிவுகள் அஃபிலியேட் லிங்க்கோடு பட்டியல் போட்டன. சிறு கடைகள் ஒரே வாரத்தில் ஓராண்டுச் சரக்கை விற்றுவிட்டு, தாமதமான பொதிகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு அலை வடிந்தது. இப்போது பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தையொட்டி, அந்தப் பட்டியல்களுக்குத் தூசி தட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பிரிவுகளின் கமிஷனும் அவர்கள் கையில் இல்லை: 2020 ஏப்ரலில் அமேசான் ஒரே அறிவிப்பில் அறைகலன்களுக்கு 8 விழுக்காட்டை 3 ஆகவும், மளிகைக்கு 5 விழுக்காட்டை 1 ஆகவும் குறைத்தது. 2024இல் கூகுள், செய்தித் தளங்களின் பெயர்பலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கூப்பன் பக்கங்களைத் தேடலிலிருந்து கீழே தள்ளியது. அடுத்தவர் நிலத்தில் போடும் பயிருக்கு இந்த நிலைமை எப்போதும் உண்டு. டிக்டாக் ஷாப் 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் திறந்தபோது பல சிறு நிறுவனங்களுக்கு அது வரமாக இருந்தது. 2025 ஜனவரியில் அந்தச் செயலியே சில மணி நேரம் இருண்டுபோனதையும் அவர்கள் பார்த்தார்கள்.

அதே ஜனவரியில் டார்கெட் தன் இனப் பன்மைத் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டது. கறுப்பினத் தேவாலயங்கள் தலைமையில் புறக்கணிப்புத் தொடங்கியபோது, டார்கெட் அலமாரியில் சரக்கு வைத்திருந்த கறுப்பின நிறுவனர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் சொந்தத் தளத்துக்கு வந்து வாங்குங்கள் என்பதே அவர்களில் பலரும் வைத்த வேண்டுகோள். அதற்குச் சொந்தத் தளம் இருக்க வேண்டும். அங்கே வழிகாட்டிக் கூட்டிவர நாலு பேர் இருக்க வேண்டும். மானியத்தின் கதவும் குறுகியிருக்கிறது. கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் கொடுத்துவந்த ஃபியர்லெஸ் ஃபண்ட்மீது, விடுதலைபெற்ற அடிமைகளின் உரிமைக்காக 1866இல் இயற்றிய சட்டத்தைக் கையிலெடுத்தே வழக்குப் போட்டார்கள். 2024இல் அந்தத் திட்டம் மூடப்பட்டது. ஒரு சலூன்காரர் தனக்குப் பிடித்த எண்ணெயைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவதை மறிக்க இதுவரை யாரும் அந்தச் சட்டத்தைத் தேடி எடுக்கவில்லை.

சட்டத்தில் கடைக்காரர்கள் உண்மையாகவே கவனிக்க வேண்டியது வேறு. கமிஷன் வாங்குகிறேன் என்பதைப் பரிந்துரைப்பவர் கண்ணில் படும்படி, அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்பது கூட்டரசு வணிக ஆணையமான எஃப்டிசியின் வழிகாட்டல். கடைசியாக 2023இல் திருத்தப்பட்டது. ‘அஃபிலியேட் லிங்க்’ என்ற இரண்டு சொல் போதாது, இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குப் பணம் கிடைக்கும் என்று பச்சையாகச் சொல்வதே நல்லது என்பது ஆணையத்தின் விளக்கம். பொறுப்பு கடைக்காரருக்கும் உண்டு. இந்த ஆணையத்தின் பார்வை எல்லோர்மேலும் ஒரேபோல விழும் என்று கறுப்பின வணிகர்கள் நம்பிவிடக் காரணமில்லை. 1970களின் நடுவில் ஜான்சன் பிராடக்ட்ஸ் தன் கூந்தல் நேராக்கும் களிம்பில் காரம் இருப்பதாக எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது எஃப்டிசி. அதே வகைக் களிம்பை விற்ற ரெவ்லானுக்கு அந்த உத்தரவு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஜான்சன் சந்தையை இழந்தார். எச்சரிக்கை தேவையானதே, ஆனால் ஒருவர் தலையில் மட்டும் முதலில் விழுந்தது. ஆகவே உங்கள் பரிந்துரையாளர்களின் பதிவுகளை மாதம் ஒருமுறையாவது நீங்களே பார்த்துவிடுவது நல்லது. குறிப்பாக முடி வளரும், தேமல் போகும் என்று அவர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளை. விற்பனை வரியும் உண்டு. பிற மாநிலத்தில் இருக்கும் அஃபிலியேட் வழியாக விற்றாலே அங்கே வரி வசூலிக்கும் கடமை வரலாம் என்று 2008இல் நியூயார்க் தொடங்கிவைத்தது. அமேசான் சில மாநிலங்களில் தன் அஃபிலியேட்டுகளையே கழற்றிவிட்டது. சிறு கடைகளுக்கு விலக்கு வரம்புகள் இருப்பதால் உடனே பயப்படத் தேவையில்லை. கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

எவ்வளவு நன்றாக அமைத்தாலும் இது தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. ஆமி கோல் என்ற அழகுப்பொருள் நிறுவனம் 2021இல் தொடங்கி, செஃபோரா அலமாரிவரை போய், பத்திரிகைகளும் வாடிக்கையாளர்களும் கொண்டாடிய பெயராக இருந்தும் 2025இல் கடையை மூடியது. பரிந்துரைகளுக்குப் பஞ்சம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. சரக்குக்கு முன்பணம், அலமாரியில் பெரிய நிறுவனங்களோடு போட்டி போடும் செலவு, முதலீட்டாளர்களின் பொறுமை இவையெல்லாம் வேறு கணக்குகள். எந்த லிங்க்கும் அவற்றைத் தீர்க்காது. அஃபிலியேட் முறையைக் கடையின் மொத்த விற்பனையில் கால்பங்குக்கு மேல் போகவிடாமல் வைத்துக்கொள்வதும், அந்த வழியாக வந்தவரின் மின்னஞ்சலை வாங்கிவைத்துக்கொண்டு இரண்டாம் முறை அவரை நேராகக் கூப்பிடுவதும் நல்லது.

கடைசியாக ஒரு நடைமுறை. பெரிய திட்டங்களில் விற்பனை நடந்து கமிஷன் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பொருள் திரும்பி வரக்கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சிறு கடை இந்த ஒரு விஷயத்தில் அமேசானை எளிதாக வென்றுவிடலாம். திருப்பி அனுப்பும் கெடு 14 நாள் என்றால் 15ஆம் நாள் பணத்தை அனுப்பிவிட வேண்டும். எந்தப் பொருள், எந்த ஊருக்குப் போயிற்று என்ற விவரத்தோடு. வாடகை நாளுக்கு முன் வந்து சேரும் 60 டாலர், சலூன் நடத்தும் பெண்ணுக்கு எந்த விழுக்காட்டு உயர்வையும்விடப் பெரிது. அடுத்த வாடிக்கையாளர் நாற்காலியில் வந்து உட்காரும்போது எந்தப் புட்டியை எடுப்பது என்று அவர் யோசிக்கமாட்டார்.